பழைய டிஎஸ்எல்ஆர் கைக்கு வந்திருக்கிறது, படம் என்னவோ போனில்தான் நன்றாக வருகிறது

மழைக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், இப்போதுதான் கேட்க ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. அத்தை மகன் புதிதாக மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா) வாங்கிவிட்டு, தன்னிடம் இருந்த நிக்கான் டி3100 டிஎஸ்எல்ஆர் கேமராவையும் அதோடு வந்த 18-55 எம்எம் ஜூம் லென்ஸையும் "சும்மாதான் கிடக்குது, நீயே வெச்சுக்கோ" என்று என்னிடம் தள்ளிவிட்டார். எனக்கும் ரொம்ப நாளாக ஆசைதான். இதை வைத்துச் சம்பாதிக்கும் எண்ணம் இல்லை, சேனல் தொடங்கப் போவதில்லை, போட்டிக்கும் அனுப்பப் போவதில்லை. வேலை முடிந்து வந்தால் கொஞ்ச நேரம், லீவு நாளில் கொஞ்ச நேரம், மனசுக்குப் பிடித்ததை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எடுத்துப் பார்த்தால் எல்லாம் என் போனைவிட மோசமாக வருகிறது. ராத்திரி வீட்டுக்குள் எடுத்தால் ஒன்று ஆள் அலைந்து தெரிகிறார், இல்லையென்றால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. வெளியே எடுத்தால் வானம் வெள்ளைத் தாள் மாதிரி வெளுத்துப்போகிறது. முகத்தை எடுத்தால் பின்னால் மங்கலாக வரும் என்று நினைத்தேன், பின்னால் இருக்கிற கதவு, நாற்காலி எல்லாம் அச்சு அசலாகத் தெரிகிறது. போனில் இதெல்லாம் ஒரு தட்டில் முடிந்துவிடுகிறது. அப்படியானால் கேமராவுக்கு வயதாகிவிட்டதா? 14 மெகாபிக்சல்தானாம், போனில் 50 என்று போட்டிருக்கிறது. லென்ஸ் மாற்றினால் சரியாகுமா? இன்னொன்று, எல்லா அமைப்பையும் நாமே கையால் வைக்கிற மேனுவல் மோடில் எடுக்காதவன் போட்டோகிராபரே இல்லை என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், நான் மேனுவலில் போட்டால் கருப்பாகவோ வெள்ளையாகவோ ஏதோ ஒன்றுதான் வருகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது சொல்லுங்களேன்.


ஓரக்கண்:

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள். 2010-இல் வந்த மாடல், பொழுதுபோக்குக்கு இன்றைக்கும் தாராளமாகப் போதும்.

முதலில் ஒரு சந்தேகம். போன் படத்தைப் போன் திரையிலும் கேமரா படத்தைக் கேமராவின் முதுகில் இருக்கிற திரையிலும் பார்த்து ஒப்பிடுகிறீர்களா? டி3100-இன் திரை 2,30,000 புள்ளிகள் கொண்டது, இன்றைய போன் திரைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. அதில் எந்தப் படமும் சோகையாகத்தான் தெரியும். இரண்டையும் ஒரே கணினித் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதிக் குறை அங்கேயே போய்விடும்.

மீதிப் பாதிக்கு வருவோம். போன் ஒரு படம் எடுப்பதாக நமக்குத் தோன்றுகிறது, உண்மையில் அது வெளிச்சம் குறைவான இடத்தில் படபடவென்று பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, புள்ளிகளைத் தேய்த்து, நிழலின் வெளிச்சத்தைத் தூக்கி, வானத்தின் வெளிச்சத்தை இறக்கி, முகத்தைச் சுற்றி வெட்டிப் பின்னணியை மங்கலாக்கிக் கொடுக்கிறது. கணக்கைப் போட்டு விடையை மட்டும் நம்மிடம் நீட்டுகிற மாதிரி. உங்கள் டிஎஸ்எல்ஆர் அப்படியெல்லாம் எதுவும் செய்யாது, ஒரே ஒரு தடவை ஷட்டர் என்கிற கதவு திறக்கும், உள்ளே வந்த வெளிச்சத்தைப் பதியும், அதோடு சரி. ஆனால் அதன் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் பதிகிற சில்லு, சுமார் 23 எம்எம்-க்கு 15 எம்எம், போனில் இருப்பதைவிடப் பரப்பில் பல மடங்கு பெரியது. அதனால் சரியான இடத்தில் நிறுத்திச் சரியான வெளிச்சத்தில் எடுத்தால் போனால் தர முடியாத ஒரு வழவழப்பு, முடி ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிற ஒரு உண்மைத்தன்மை வரும். அந்தச் சரியான இடத்தை நீங்கள் தேட வேண்டும். பொழுதுபோக்கு என்பதே அந்தத் தேடல்தான் என்று நான் நினைக்கிறேன்.

ராத்திரி வீட்டுக்குள் அலைவது: கிட் லென்ஸை (கேமராவோடு வந்த அந்த 18-55) முழு ஜூமான 55-க்குத் திருப்பினால் அதன் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற துளை, எஃப் 5.6-ஐவிட விரியாது (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). சாதாரண வீட்டு விளக்கு வெளிச்சத்தில், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்கிற எண்) 800 என்றால், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/8 வினாடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 1/8 வினாடிக்குள் ஒருவர் பேசிக்கொண்டே தலையைத் திருப்பிவிடுவார். லென்ஸின் பக்கவாட்டில் விஆர் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள், ஆனால் அது உங்கள் கை ஆடுவதைத்தான் தாங்கும், எதிரே இருப்பவர் ஆடுவதற்கு அது ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே லென்ஸை 18-க்குக் கொண்டுவாருங்கள், அங்கே எஃப் 3.5 கிடைக்கும், இரண்டு அடி கிட்டே போங்கள், ஐஎஸ்ஓவை 1600 அல்லது 3200 வரை தைரியமாக ஏற்றுங்கள். புள்ளி தெரியும்தான். தெரியட்டும். புள்ளி விழுந்த படத்தைப் பத்து வருஷம் கழித்தும் ஆசையாகப் பார்ப்பீர்கள், அலைந்த முகத்தைப் பார்க்க மாட்டீர்கள். இதைவிட நல்ல வழி, பகலில் அவர்களை ஜன்னலோரம் உட்காரச் சொல்வது. முகத்துக்கு ஒரு பக்கமாக ஜன்னல் இருக்கட்டும், அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு விதமான வெளிச்சம் கலந்தால் தோல் நிறம் ஒரு பக்கம் மஞ்சளாகவும் இன்னொரு பக்கம் நீலமாகவும் அடிக்கும்.

வானம் வெளுப்பது: கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் காட்சியைச் சராசரி சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மரத்தடியில் நிற்கும் ஆளுக்குச் சரியாக வைத்தால் வானம் எகிறிவிடும், வானத்துக்குச் சரியாக வைத்தால் ஆள் கருத்துப்போவார். போன் இங்கேயும் பல படங்களைச் சேர்த்துத் தப்பித்துக்கொள்கிறது. உங்களுக்கு மூன்று வழி. சூரியன் உங்கள் முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும்படி இடம் மாறி நிற்கலாம். இல்லை, வானத்தையே சட்டத்துக்குள் விடாமல் கொஞ்சம் தாழ்த்தி எடுக்கலாம். அதுவும் முடியாது என்றால், ஷட்டர் பட்டனுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்ட சின்ன பட்டன் இருக்கும் பாருங்கள், அதை அழுத்திக்கொண்டே சக்கரத்தைச் சுழற்றி மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1 வையுங்கள், ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள், நிழலைக் கணினியில் பிறகு தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன வானத்தில் எதுவும் பதிவாகியே இருக்காது, அதை யாராலும் மீட்க முடியாது. கருத்த நிழலில் நிறைய ஒளிந்திருக்கும்.

பின்னணி மங்குவது: அப்பர்ச்சர் மட்டும் காரணம் இல்லை. லென்ஸை 55-க்குத் திருப்புங்கள், ஆளுக்கு எவ்வளவு கிட்டே போக முடியுமோ போங்கள், ஆளைச் சுவரிலிருந்து நன்றாக முன்னால் கொண்டுவாருங்கள். நீங்கள் சொல்லும் கதவு அவர் முதுகிலிருந்து இரண்டடியில் இருந்திருக்கும், அதனால்தான் அப்படிப் பளிச்சென்று விழுந்திருக்கிறது. அதே ஆளைத் திறந்தவெளியில், பின்னால் ஐம்பதடி தள்ளி மரங்கள் இருக்கிற மாதிரி நிறுத்திப் பாருங்கள், இதே கிட் லென்ஸ் வேறு லென்ஸ் மாதிரி நடந்துகொள்ளும்.


சும்மா ஒருவன்:

அந்த மேனுவல் வீடியோவை மூடிவிடுங்கள். பத்திரிகைக்கு எடுக்கிறவர்களிலேயே எத்தனையோ பேர் அப்பர்ச்சர் மோடில்தான் ஓட்டுகிறார்கள். மேலே இருக்கிற வட்டத்தில் 'ஏ' என்ற எழுத்துக்குத் திருப்புங்கள், அப்பர்ச்சரை நீங்கள் வையுங்கள், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். மெனுவில் ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டு, உச்சம் 3200, குறைந்தபட்ச ஷட்டர் 1/125 என்று வைத்துவிட்டால் முக்கால்வாசி நேரம் எதையும் தொட வேண்டியிருக்காது. நிலா, வாணவேடிக்கை, டிரைபாடில் வைத்து எடுக்கிற ராத்திரிக் காட்சி, இதற்கெல்லாம் மேனுவல் தேவைப்படும். அப்போது கற்றுக்கொண்டால் போதும்.

அப்புறம் அந்த மாடலில் 'கைடு' என்று ஒரு மோடே இருக்கும். வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள், இந்த மாதிரி எடுக்க வேண்டும் என்றால் இதை மாற்று என்று அதுவே சொல்லிக் கொடுக்கும்.

மெகாபிக்சலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போனில் 50 என்று போட்டிருந்தாலும் பெரும்பாலான போன்கள் நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து சுமார் 12 ஆகத்தான் சேமிக்கின்றன. உங்களுடையது 4608-க்கு 3072, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தாலே 15-க்கு 10 அங்குலம் வரும். சாதாரண 6-க்கு 4 பிரிண்ட் போட 2 மெகாபிக்சல் போதும். 1975-இல் கோடாக்கில் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 0.01 மெகாபிக்சல், கருப்பு வெள்ளை, ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 வினாடி ஆகுமாம். உங்களிடம் இருப்பது அதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். போதும் சாமி.


மழைக்குருவி:

நன்றி ஓரக்கண், இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி, போன் படத்தில் முகத்தில் தோலே இல்லை, மெழுகு பூசியது போல் இருக்கிறது. இவ்வளவு நாள் அதைத்தான் தெளிவு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஜன்னலோரம் எடுத்த படத்தை அம்மா தன் போனில் முகப்புப் படமாக வைத்துவிட்டார், அதற்கு மேல் எனக்கு விருது வேண்டாம்.

ஆனால் ராத்திரிப் பிரச்சினை முழுக்கத் தீரவில்லை. 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று பழையது விலைக்கு வந்திருப்பதாக நண்பன் சொன்னான். லென்ஸ் பேரில் ஏஎஃப் என்றும், கடைசியில் 1.8டி என்றும் இருக்கிறது. வாங்கலாமா?


பழைய லென்ஸ்:

நில்லுங்கள், பணம் கொடுத்துவிடாதீர்கள்!

நிக்கானில் இது பலருக்குத் தெரியாத சமாச்சாரம். பழைய டி வகை லென்ஸ்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, கேமராவுக்குள் இருக்கிற மோட்டார்தான் அதைத் திருகி ஃபோகஸ் செய்யும். உங்கள் டி3100-இல் அந்த மோட்டார் இல்லை. 3000 வரிசை, 5000 வரிசை எதிலும் இல்லை. அந்த லென்ஸை மாட்டினால் மாட்டும், படமும் எடுக்கும், ஆனால் ஃபோகஸை நீங்கள் கையால்தான் திருப்ப வேண்டும். வியூஃபைண்டருக்குள் (கண்ணை வைத்துப் பார்க்கிற சின்னச் சட்டம்) கீழே பச்சைப் புள்ளி எரிந்தால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று பொருள். அதை நம்பிப் பொறுமையாக எடுக்கலாம், ஆனால் ஓடுகிற குழந்தையை எடுக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது பேரில் ஏஎஃப்-எஸ் என்று இருப்பது. அதே நேரம் ஏஎஃப்-பி என்று இருக்கும் புதிய வகையை எடுத்துவிடாதீர்கள், அது உங்கள் மாடலோடு ஒத்துப்போகாது, ஃபோகஸே ஆகாது. ஒரு எழுத்துதான் வித்தியாசம், விற்கிறவருக்கே பல நேரம் தெரியாது.

வாங்குவது என்றால் இரண்டு தேர்வு. ஏஎஃப்-எஸ் 35 எம்எம் எஃப் 1.8ஜி, அல்லது ஏஎஃப்-எஸ் 50 எம்எம் எஃப் 1.8ஜி. இரண்டுமே எஃப் 5.6-ஐவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். ஓரக்கண் சொன்ன அந்த 1/8 வினாடி, ஐஎஸ்ஓவைத் தொடாமலேயே 1/80-க்குப் பக்கத்தில் வந்துவிடும், ஐஎஸ்ஓ 1600 என்றால் 1/160. பேசிக்கொண்டிருக்கும் ஆளை நிறுத்திப் பிடிக்க அது போதும். உங்கள் சென்சார் போனுடையதைவிடப் பெரியதானாலும் பழைய ஃபிலிம் சட்டத்தைவிடச் சின்னது என்பதால் 35 என்பது ஃபிலிம் காலத்து 50 மாதிரி, அறைக்குள் இரண்டு மூன்று பேர் அடங்குவார்கள். 50 என்பது 75 மாதிரி ஆகிவிடும், முகத்துக்கு அருமை, ஆனால் சின்ன அறையில் முதுகு சுவரில் இடிக்கும் வரை பின்னால் போக வேண்டும். இந்த எஃப் 1.8-இல் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கிட்டே இருந்து எடுத்தால் தெளிவாக விழுகிற ஆழம் மிகக் குறைவு, மூக்கில் ஃபோகஸ் நின்றால் கண் மங்கிவிடும். நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கிட்டே இருக்கிற கண்ணில் வையுங்கள், கேமரா தானாகப் புள்ளி தேர்ந்தெடுக்கும்படி விட்டால் அது எது கிட்டே இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். குழுவாக நிற்பவர்களை எஃப் 1.8-இல் எடுக்கவே எடுக்காதீர்கள், எஃப் 4 அல்லது 5.6-க்குப் போய்விடுங்கள்.

எது வேண்டும் என்று எங்களைக் கேட்பதைவிட உங்கள் படங்களையே கேளுங்கள். ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் எத்தனை எம்எம்-இல் எடுத்தது, ஷட்டர் என்ன, ஐஎஸ்ஓ என்ன என்று எல்லாம் பதிவாகி இருக்கும். உங்களுக்குப் பிடித்ததாக நீங்கள் வைத்திருக்கும் படங்களைத் திறந்து அந்த எம்எம்-ஐ மட்டும் பாருங்கள். பெரும்பாலும் 18, 24 என்று வந்தால் 50 உங்களுக்கு இல்லை. எல்லாம் 55-இலேயே நின்றால் 50 எடுக்கலாம். அதற்குள் காசில்லாத ஒரு பரிசோதனை, கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35-இல் நிறுத்தி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு ஒரு வாரம் சுற்றுங்கள். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். அப்புறம் கேமராவைத் தூக்கும் முன்பே எங்கே நிற்க வேண்டும் என்று கால் தானாகப் போகும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் பெரும்பாலான படங்களை ஒரே 50 எம்எம் லென்ஸில்தான் எடுத்தார், அவருக்கு ஜூம் என்பது கால்தான்.

பழையது வாங்கும்போது லென்ஸுக்குப் பின்னால் போன் டார்ச்சை அடித்து முன்பக்கமிருந்து சாய்த்துப் பாருங்கள். இரண்டு மூன்று தூசி தெரிந்தால் ஒன்றும் இல்லை, படத்தில் வராது. சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் கிளை பிரிந்து தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.


நடைவாசி:

எல்லோரும் லென்ஸ் கணக்கில் இறங்கிவிட்டீர்கள், நான் கொஞ்சம் எதிர்க்கட்சியாக இருக்கிறேன்.

பொழுதுபோக்காக எடுக்க நினைக்கிறவருக்குப் பெரிய கேமராவே சுமைதான். பையில் வைத்து, லென்ஸ் மூடியைக் கழற்றி, தோளில் மாட்டி, வீட்டுக்கு வந்து கார்டைக் கணினியில் போட்டு, ரா ஃபைலைத் திறந்து... வேலை முடிந்து வருகிற மனுஷன் எத்தனை நாள் இதைச் செய்வான்? மூன்றாவது மாதம் அது அலமாரியில் போய் உட்கார்ந்துவிடும். போன் எப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது. போனிலேயே லென்ஸைத் துணியால் துடைத்து (இதை யாருமே செய்வதில்லை, விரல் ரேகை எண்ணெயோடு எடுத்துவிட்டுப் பனிமூட்டம் என்கிறார்கள்), திரையில் கட்டக் கோடுகளைப் போட்டு, அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறைத்து, டிஜிட்டல் ஜூமைத் தொடாமல் நடந்து கிட்டே போய் எடுத்தால் படம் தானாக மேலே போகும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, சட்டத்தின் ஓரத்தில் என்ன தேவையில்லாமல் நுழைகிறது, எப்போது அழுத்துவது, இந்த மூன்றையும் போனிலேயே கற்கலாம். நான் அப்படித்தான் கற்றேன், கேமராவே வாங்கவில்லை, எனக்குக் குறையும் தெரியவில்லை.

எதில் எடுத்தாலும் ஒன்று சொல்வேன். எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், கதவுகள், கைகள், நிழல், தினமும் நடக்கிற ஒரே பாதை, எதுவானாலும். "இன்றைக்கு என்ன எடுப்பது" என்று யோசித்து யோசித்தே பலர் நின்றுபோகிறார்கள். கைகளைத்தான் எடுக்கிறேன் என்று முடிவு செய்துவிட்டால் போகிற இடமெல்லாம் கை தெரியும், பூ கட்டுகிற கை, சாவி தேடுகிற கை, பேசும்போது காற்றில் எழுதுகிற கை. தெரியாத மனிதரைக் கிட்டே இருந்து எடுப்பதானால் கேமராவைக் காட்டி ஒரு தலையசைப்பாவது கேட்டுவிடுங்கள், வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றவர்களைக் கேட்காமல் எடுக்கவே வேண்டாம்.


ஓரக்கண்:

நடைவாசி, நீங்கள் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், அலமாரி விஷயம் உண்மைதான். ஆனால் வியூஃபைண்டரை விட்டுவிட்டீர்கள். போனைத் தூக்கினால் அதே திரையில் மேலே செய்தி வந்து விழுகிறது, எடுத்த படத்தை அடுத்த நொடியே யாருக்காவது அனுப்பத் தோன்றுகிறது. டிஎஸ்எல்ஆரில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சின்னச் சட்டத்துக்குள் பார்க்கும்போது சட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான் இருக்கிறது. வேலை முடிந்து வருகிற மனுஷனுக்கு அதுதானே வேண்டும்?

மழைக்குருவிக்கு, ரா ஃபைல் தினமும் வேண்டியதில்லை. ரா, ஜேபெக் (போனில் வருகிற சாதாரணப் படக் கோப்பு) இரண்டையும் சேர்த்துப் பதியும்படி வைத்துவிடுங்கள். ஜேபெக் நன்றாக இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஒளி எகிறிய படம், நிறம் கெட்ட படம் என்றால் மட்டும் ராவைத் திறக்கலாம். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், உங்கள் கேமராவின் ராவில் 4096, அதனால்தான் அதில் நிழலைத் தூக்கினால் அவ்வளவாகக் கிழியாமல் வருகிறது. திறக்க டார்க்டேபிள், ரா தெரபி, நிக்கானே கொடுக்கிற என்எக்ஸ் ஸ்டூடியோ, மூன்றுமே இலவசம். டார்க்டேபிள் முதலில் மிரட்டும், என்எக்ஸ் ஸ்டூடியோவில் தொடங்குவது சுலபம். இன்னொரு வேடிக்கை, மெனுவில் பிக்சர் கன்ட்ரோல் என்ற இடத்தில் மோனோக்ரோம் (கருப்பு வெள்ளை) வைத்து எடுங்கள். ஜேபெக் கருப்பு வெள்ளையில் வரும், ராவில் நிறம் பத்திரமாக இருக்கும். நிறம் போனதும் வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சும், எந்தப் படம் நிற்கிறது எது நிற்கவில்லை என்று சட்டென்று தெரிந்துவிடும்.

அதைவிடக் கஷ்டமான வேலை அழிப்பது. ஒரே பூவை இருபது தடவை எடுத்திருப்போம், இருபதும் கணினியில் கிடக்கும், ஒரு வருஷத்தில் எதையும் தேடவே முடியாத நிலை வந்துவிடும். எடுத்த அன்றைக்கே அழிக்க உட்காராதீர்கள், அன்றைக்கு எல்லாமே பிடிக்கும். ஒரு வாரம் போகட்டும், பிறகு உட்கார்ந்தால் கை தானாக அழிக்கும். மிச்சம் இருப்பதை இரண்டு இடத்தில் வையுங்கள், கணினியில் ஒன்று, வெளியே ஒரு டிஸ்கில் ஒன்று. பிரதி எடுத்து முடித்த பிறகு மெமரி கார்டைக் கணினியில் அழிக்காமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். மாதத்துக்கு நாலைந்து படங்களையாவது பிரிண்ட் போடுங்கள், காகிதத்தில் வரும்போதுதான் நீங்கள் எடுத்தது எவ்வளவு கருத்திருக்கிறது என்று தெரியும், திரை எல்லாவற்றையும் வெளிச்சமாகவே காட்டும்.


மழைக்குருவி:

டேப் ஒட்டிவிட்டேன். 18-க்கும் 55-க்கும் நடுவில் நான் ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை என்பது ஃபைல்களைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, வளையத்தை இந்த முனை இல்லையென்றால் அந்த முனை என்று திருப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். லென்ஸ் வாங்குவதைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். நடைவாசி, கைகள் யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்குப் படிக்கட்டுகள்தான் பிடித்திருக்கின்றன, அவை என்னை ஏன் எடுத்தாய் என்று கேட்காது.

ஒரு சின்ன கேள்வி. படிக்கட்டின் மேல் வானம் வருகிற மாதிரி எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் வலது மேல் மூலையில் ஒரே இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பொட்டு இருக்கிறது. லென்ஸைத் துடைத்தும் போகவில்லை. எஃப் 16-இல் நன்றாகத் தெரிகிறது, ஜன்னலோரம் எடுத்த படத்தில் இல்லவே இல்லை. அத்தை மகனிடம் கேட்டால் "எனக்கு அப்படி எதுவும் இல்லையே" என்கிறார்.


பழைய லென்ஸ்:

சென்சார்மேல் தூசி. அதுதான் ஒரே இடத்தில் நிற்கிறது. அப்பர்ச்சர் சிறிதாகச் சிறிதாக அதன் நிழல் கூர்மையாக விழும், விரித்து எடுத்தால் கரைந்துவிடும். உங்கள் அத்தை மகன் எப்போதும் விரித்தே எடுத்திருப்பார், அவர் சொன்னது பொய்யில்லை.

மெனுவில் சென்சாரைச் சுத்தம் செய்யும் வசதி இருக்கிறது, கேமராவை மேஜைமேல் நேராக வைத்துவிட்டு அதை இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். போகவில்லை என்றால் அதே மெனுவில் சென்சாருக்கு முன்னால் இருக்கிற கண்ணாடியை மேலே தூக்கி நிறுத்துகிற வசதி இருக்கும். பேட்டரி முழுதாக இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள், நடுவில் சார்ஜ் தீர்ந்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும். கேமராவின் வாயைக் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கேமராவுக்கென்று விற்கிற ரப்பர் ஊதியால் கீழிருந்து நாலு தடவை ஊதுங்கள். ஊதியின் மூக்கு உள்ளே படக்கூடாது. வாயால் ஊதக்கூடாது, எச்சில் தெறித்தால் தூசியைவிடப் பெரிய தொல்லை. அழுத்தமாக அடைத்த காற்று டப்பாவும் வேண்டாம், அது சில நேரம் திரவத்தைத் துப்பும். துணி, பஞ்சு எதையும் உள்ளே விடாதீர்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் சர்வீஸில் கொடுத்துத் துடைத்துக்கொள்ளலாம், அவசரமே இல்லை. படிக்கட்டுக்கு எஃப் 16 எதற்கு? உங்கள் சென்சாருக்கு எஃப் 8 தாண்டினால் கூர்மை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத்தான் செய்யும். எஃப் 8-இல் எடுங்கள், முதல் படியும் கடைசிப் படியும் போதுமான அளவு தெளிவாகவே வரும், பொட்டும் மங்கிவிடும். மிச்சம் தெரிந்தால் என்எக்ஸ் ஸ்டூடியோவில் ரீடச் பிரஷ் இருக்கிறது, ஒரு கிளிக்.